ஐந்து வாரம் கேட்கிறேன், மூன்றுக்கும் சம்மதம்

கோல்பி ஹார்பர், மினசோட்டா
ஜனவரி 3

மதிப்பிற்குரிய மைத்துனர் ஆர்விட் ஸ்டென்ருட் அவர்களுக்கு,

உங்கள் தங்கை மார்லிஸின் கணவன் வெண்டல் ஹாகன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் கூரைமேல் கிடக்கும் இரண்டடிப் பனியும் நலம். இந்தக் கடிதமே மார்லிஸைப் பற்றியது என்பதால் அவள் நலத்தை இந்த வரியில் சேர்க்கவில்லை. அங்கே நீங்களும், கிறிஸ்துமஸ் அட்டையில் நீங்கள் எழுதியிருந்த முழங்காலும் நலமாக இருக்க வேண்டும். பத்தொன்பது வருடமாக ஒரு வரிகூட எழுதாதவன் திடீரென்று எழுதுகிறானே, யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று பதற வேண்டாம். யாரும் போகவில்லை. போகக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

மார்லிஸின் இதயத்தில் ஒரு வால்வு சரியாகத் திறப்பதில்லை. செப்டம்பரில் கண்டுபிடித்தார்கள். துணிக்கூடையோடு நிலவறையிலிருந்து ஏறி வரும்போது நாலாவது படியில் உட்கார்ந்துவிடுகிறாள். நான் பார்ப்பது தெரிந்தால் ஷூ லேஸ் கட்டுவதுபோலக் குனிந்துகொள்கிறாள். காலில் இருப்பது லேஸ் இல்லாத செருப்பு. பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடுகிறவள், இப்போது பாத்திரத்தைத் தூக்க ஆள் கூப்பிடுகிறாளாம். இங்கே செயின்ட் ஆன்ஸ்கர் ஆஸ்பத்திரியில் டாக்டர் பெட்ரோசியான் என்று ஒரு அம்மாள் இருக்கிறார். அறுவை சிகிச்சைக்கு ஜனவரி 14 என்று நாள் குறித்துக் கொடுத்தார். மார்லிஸ் அவரை ஒரே சந்திப்பில் நம்பிவிட்டாள். என்னை நம்ப அவளுக்கு நாலு வருடம் பிடித்தது, அதுவும் உங்கள் அப்பா போன பிறகுதான்.

இந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரிக்கும் எங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனியான கிரேட் பைனுக்கும் சண்டை வந்தது. அவர்களுடைய ஒப்பந்தம் டிசம்பர் 31-இல் முடிவதாக இருந்தது. புது ஒப்பந்தத்துக்கு ஆஸ்பத்திரி சிகிச்சைக் கட்டணத்தில் நூற்றுக்குப் பதினெட்டு கூட்டிக் கேட்டது, கம்பெனி மூன்று தருகிறேன் என்றது. பேச்சு முடியாவிட்டால் புத்தாண்டிலிருந்து கிரேட் பைன் அட்டை வைத்திருப்பவர்களுக்கு அந்த ஆஸ்பத்திரி அந்நிய நாடு. உள்ளே போனால் வீட்டை விற்றுவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். இரண்டு பக்கமும் எங்களுக்குக் கடிதம் போட்டார்கள். 'உங்கள் ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டு நியாயமாக நடக்கச் சொல்லுங்கள்' என்று கம்பெனி. 'உங்கள் கம்பெனியைக் கூப்பிட்டு நியாயமாக நடக்கச் சொல்லுங்கள்' என்று ஆஸ்பத்திரி. ஒரே நாளில், ஒரே அளவு உறையில் வந்தன. பள்ளிக்கூடத்து வேலைக்காரர்களுக்கு நவம்பரில் ஒரு தாள் வரும். அடுத்த வருடத்துக்கு எந்தக் கம்பெனி என்று டிக் அடித்துக் கொடுத்துவிட்டால் அப்புறம் வருடம் முழுக்க மாற்ற முடியாது. இந்த வருடம் வேறொரு கம்பெனியும் அந்தத் தாளில் இருந்தது. மார்லிஸ் தாளைச் சமையல் மேஜைமேல் வைத்து, "மாத்திடலாமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்" என்று நான் சொன்னேன். என் குரல் எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கு எழுத வேண்டியதில்லை, மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பதினாறு வருடம் கேட்டவர் நீங்கள். நீங்கள் காகித ஆலை நிர்வாகத்தின் ஆள், நான் தொழிற்சங்கத்தின் ஆள். பதினெட்டும் மூன்றும் என்றால் கடைசியில் ஒன்பதில் முடியும் என்பது நம் இருவருக்கும் தூக்கத்தில்கூடத் தெரியும். கடைசி நாள் வரைக்கும் முறைப்பார்கள், கடைசி மணியில் கை குலுக்குவார்கள். முன்கூட்டிச் சம்மதிக்கிறவன் பேரம் பேசத் தெரியாதவன். "அவங்க ரெண்டு பேரும் நாடகம் ஆடறாங்க மார்லிஸ், டிசம்பர் இருபதாந்தேதிக்குள்ள முடிஞ்சிடும்" என்றேன். அவள் தாளை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆலை மூடி ஆறு வருடமாக நான் வீட்டில் பனி தள்ளுவதும் காப்பி குடிப்பதுமாகத்தான் இருந்தேன், மறைக்க என்ன இருக்கிறது. இந்தச் சண்டை வந்ததும் எனக்கு உயிர் வந்தது. இருவரும் நம்மூர்ப் பத்திரிகையில் ஒருவரையொருவர் திட்டி முழுப்பக்க விளம்பரம் போட்டார்கள். ஒவ்வொன்றையும் வெட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். 'ஏமாற்றமடைந்தோம்' என்று எழுதினால் இன்னும் தூரம் இருக்கிறது. 'மிகவும் ஏமாற்றமடைந்தோம்' என்றால் பாதிவழி. 'ஆழ்ந்த ஏமாற்றம், ஆனாலும் பேச்சுக்குத் தயார்' என்றால் ஐந்து நாளில் கையெழுத்து. இதெல்லாம் நீங்களும் நானும் எழுதிய அறிக்கைகள்தானே. டிசம்பர் 12-இல் 'ஆழ்ந்த ஏமாற்றம்' வந்தது. நான் மார்லிஸைத் தூக்கிச் சுற்றப் போனேன், அப்புறம் வால்வு ஞாபகம் வந்து தோளைத் தட்டினேன்.

அதற்கு முன்னால், நவம்பரில் தாளைக் கொடுக்கவேண்டிய வாரம், ஞாயிற்றுக்கிழமை லூத்தரன் சர்ச் நிலவறையில் காப்பி குடிக்கும்போது எல்லாரும் என் மேஜைக்கு வந்தார்கள். பள்ளிக்கூட பஸ் ஓட்டும் டுவேன் கிவேலா, பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கும் அண்ணன் தம்பி இருவர், இன்னும் சிலர். "வெண்டல், மாத்தவா வேண்டாமா? என் பொண்டாட்டி தலையைத் தின்னறா" என்று டுவேன் கேட்டான். "மாத்தாதே. நாடகம்" என்றேன். அவனுக்குச் சர்க்கரை, கண்ணுக்கு மாதாமாதம் ஊசி. நான் சொன்னதைக் கேட்டு நாலு குடும்பம் வீட்டுக்குப் போனது. இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது.

இருபதாம் தேதி போனது. ஒன்றும் முடியவில்லை. சரி, பேச்சு எங்கேயோ சிக்கிக்கொண்டது, ஒரு நடுவர் இல்லாத குறைதான் என்று நினைத்து நானே இறங்கினேன். வீட்டு ஃபோனில் கிரேட் பைனின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன், கைபேசியில் ஆஸ்பத்திரியின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். இரண்டிலும் பாட்டு. மூன்று கப் காப்பி ஆனபிறகு இரண்டிலும் ஒரே நேரத்தில் பெண்குரல் வந்தது. இரண்டு ஃபோனையும் ஒலிபெருக்கியில் போட்டு, மேஜைமேல் எதிரும் புதிருமாக வைத்து, நடுவில் நான் உட்கார்ந்து, "அம்மா, நீங்க கம்பெனி. நீங்க ஆஸ்பத்திரி. பதினெட்டுல இருந்து ஒருத்தர் இறங்குங்க, மூணுல இருந்து ஒருத்தர் ஏறுங்க. நான் இங்கேயே இருக்கேன்" என்றேன்.

"சார், உங்க கவலை எங்களுக்கு நல்லாப் புரியுது" என்று இருவரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். கம்பெனிப் பெண் இருமினாள். அந்த இருமல் ஆஸ்பத்திரி ஃபோனிலும் கேட்டது.

"ஏய் ஜோலீன், நீயாடி?" என்றாள் ஆஸ்பத்திரிப் பெண்.

"அடிப்பாவி, நீ எப்போ ஆஸ்பத்திரிக்குப் போனே? போன வாரம் கேபிள் டிவி புகார்தானே எடுத்துட்டு இருந்தே?"

"நேத்துதான் இந்த வரிசைக்கு மாத்தினாங்க. உனக்குப் பின்னாடி மூணாவது சீட். திரும்பிப் பாரு, கை காட்டறேன்."

இரண்டு தரப்பும் ஒரே ஃபோன் கம்பெனியைத்தான் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள், மைத்துனரே. நெப்ராஸ்காவில் ஒரே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒருத்தி அவர்களைத் திட்டச் சொல்கிறாள், இன்னொருத்தி இவர்களைத் திட்டச் சொல்கிறாள். எனக்குக் கோபம் வரவில்லை. எதிரிகள் நேருக்கு நேர் பார்க்கிற தூரத்தில் இருப்பது பேச்சுவார்த்தைக்கு நல்லதுதான். "அப்படியே எழுந்து போய் ரெண்டு பேரும் பேசி முடிச்சிடுங்களேன்" என்றேன். "ஐயோ சார், எழுந்திரிச்சா சம்பளத்துல நிமிஷத்தைக் கழிச்சிடுவாங்க" என்றாள் ஜோலீன். பிறகு இருவருக்கும் பேச்சு பதிவாகிறது என்ற ஞாபகம் வந்துவிட்டது. "வேற ஏதாவது உதவி வேணுமா சார்?" என்று மறுபடியும் ஒரே மூச்சில் கேட்டார்கள். வைப்பதற்கு முன்னால் ஜோலீன் மட்டும் தணிந்த குரலில், "சிகிச்சை நடுவுல இருக்கறவங்களுக்குன்னு ஒரு ஃபாரம் இருக்கு சார், அதைப் போடுங்க. என் அம்மாவுக்கு அப்படித்தான் போட்டேன்" என்றாள்.

அந்த ஃபாரம் ஒரே பக்கம். ஒப்பந்தம் முறிந்தாலும், பாதி சிகிச்சையில் இருப்பவர்கள் தொண்ணூறு நாள் வரை பழைய டாக்டரிடமே போகலாம் என்கிறது சட்டம். எத்தனை நாள் தேவை என்று ஒரு கட்டம் இருந்தது. இங்கேதான், ஆர்விட், நான் என் வாழ்நாள் பழக்கத்தால் கெட்டேன். தொண்ணூறு வேண்டும் என்றால் தொண்ணூறு என்றா எழுதுவது? அறுபதுக்கு அடிப்பார்கள். அதனால் 'இரண்டு வருடம்' என்று எழுதினேன். ஓரத்தில் 'பேச்சுக்குத் தயார்' என்றும் சேர்த்தேன். 'உடன்படுகிறேன்' என்று கேட்ட நாலு இடத்திலும் 'ஆட்சேபணையுடன்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மார்லிஸிடம் காட்டவில்லை. அவள் பெயரில் நானே போட்டேன்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. ஒரே வரி. 'விண்ணப்பத்தில் கண்ட நபர் ஜனவரி முதல் தேதியிலிருந்து எங்கள் உறுப்பினர் பட்டியலில் இல்லை. எனவே இந்த விண்ணப்பத்தைப் பரிசீலிக்க இயலாது.'

எனக்கு ரத்தம் கொதித்தது. இது எவ்வளவு பழைய தந்திரம்! என் தாத்தா காலத்தில் சங்கம் கட்டியபோது ஆலைக்காரர்கள் இதைத்தான் சொன்னார்கள்: 'அப்படி ஒரு சங்கம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது.' இருபத்தேழு வருடமாக ஒவ்வொரு மாதமும் சம்பளத்தில் பிடித்துக்கொண்டவர்கள், இரண்டு வருடம் கேட்டதும் உன்னைத் தெரியவே தெரியாது என்கிறார்கள். அங்கீகரிக்க மறுக்கிறார்கள்! அன்றே நாலு பக்கம் பதில் எழுதினேன். மறுபடி அதே ஒரு வரி வந்தது, இந்தத் தடவை கையெழுத்துகூட இல்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. எதிர்ப்பக்கத்தில் ஆள் இருந்தால் நான் எதையும் முடிப்பேன், அங்கே ஆளே இல்லை.

டிசம்பர் 31 போனது. அவர்கள் கை குலுக்கவில்லை. ஃபிரிட்ஜ் கதவைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது, எல்லாவற்றையும் கிழித்துவிட்டேன். சர்ச்சில் டுவேனும் மற்றவர்களும் என்னைத் திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன். டுவேன் என் கையில் ஒரு துண்டு கேக்கை வைத்து, "விடு வெண்டல், பரவாயில்ல" என்று முதுகைத் தடவினான். கண்ணில் ஊசி போடவேண்டியவன் என்னைத் தேற்றுகிறான்.

மார்லிஸுக்கு இது எதுவும் தெரியாது. இரண்டு கடிதத்தையும் கொட்டகையில் பனி தள்ளும் இயந்திரத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன். அவள் 14-ஆம் தேதிக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். முன்பக்கம் பொத்தான் வைத்த இரவு உடை இரண்டு வாங்கினாள், அறுவை சிகிச்சைக்குப் பிறகு கையைத் தூக்க முடியாதாம். நான் வீட்டில் பட்டினி கிடக்கக்கூடாதென்று கறியும் உருளைக்கிழங்கும் போட்ட ஹாட்டிஷ் செய்து பன்னிரண்டு டப்பாவில் உறைய வைத்து, ஒவ்வொன்றிலும் தேதி எழுதியிருக்கிறாள். ஒவ்வொரு டப்பாவையும் பார்க்கும்போது இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். அப்புறம் பனி தள்ளப் போய்விடுகிறேன்.

அவளுக்குத் தெரியாமல் உங்கள் ஊரில் விசாரித்தேன். கிரேட் பைன் அட்டையை ஏற்கிற இதய ஆஸ்பத்திரி உங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம். மார்ச்சில்தான் நாள் கிடைக்குமாம், யாராவது ரத்து செய்தால் முன்னாடியே கூப்பிடுவார்களாம், அதனால் பக்கத்தில் இருக்கவேண்டும். எங்களுக்கு அந்த ஊரில் உங்களைத் தவிர யாரும் இல்லை. உங்கள் வீட்டில் ஒரு அறையை ஐந்து வாரத்துக்குக் கேட்கிறேன். மூன்று வாரம் என்றாலும் சம்மதம். உண்மையில் எத்தனை வாரம் தேவைப்படும் என்று எனக்கே தெரியாது. பழக்கத்தால் ஐந்து என்று எழுதிவிட்டேன். நான் வேண்டாம் என்றால் நான் காரில் படுக்கிறேன், அவளை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேட்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், வேலைநிறுத்தத்தின் ஒன்பதாவது வாரம், சம்பளத்தை மணிக்குப் பதினொரு சென்ட் கூட்டுவதில் பேச்சு நின்றது. இடைவேளையில் காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் உங்களிடம் வந்தேன். "மார்லிஸ் உங்க பேரைச் சொல்லவே கூசறா. கிறிஸ்துமஸுக்கு வரவேண்டாம்னு சொல்லச் சொன்னா" என்றேன். நீங்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டீர்கள். அவள் அப்படிச் சொல்லவில்லை, ஆர்விட். ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. உங்களுக்குப் பிடிக்கும் என்று அன்று காலையில்தான் லெஃப்ஸா ரொட்டிக்கு உருளைக்கிழங்கு வேக வைத்திருந்தாள். நான் சும்மா ஒரு அடி அடித்துப் பார்த்தேன், அது பலித்தது. அந்தப் பதினொரு சென்ட்டுக்காக என்னைத் தோளில் தூக்கினார்கள். இப்போது ஆலையும் இல்லை. அண்ணனுக்குச் சம்பளச் சண்டையில் கோபம் என்றுதான் மார்லிஸ் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள். உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு அருகதை உண்டா என்று தெரியவில்லை. கேட்கிறேன்.

உங்கள் வீட்டுக் கணப்பு அணையாமல் இருக்கட்டும், உங்கள் முழங்கால் படியேறட்டும், பேரப்பிள்ளைகள் உங்களைப்போல் நிதானமாக வளரட்டும் என்று வேண்டிக்கொண்டு, பதிலை எதிர்பார்த்து,

தங்கள் தங்கையின் கணவன்,
வெண்டல் ஹாகன்

பி.கு.: மேலே எழுதியது அத்தனையும் ரத்து.

கடிதத்தை முடித்துவிட்டு உறையில் எழுத உங்கள் கதவு எண் தேடினேன். கிறிஸ்துமஸ் அட்டைகள் எங்கே என்று மார்லிஸிடம் கேட்டேன். எதற்கு என்றாள். "சும்மா" என்றேன். முப்பத்தெட்டு வருடத்தில் நான் சும்மா எதையும் கேட்டதில்லை என்று அவளுக்குத் தெரியும். கடிதத்தை என் கையிலிருந்து பிடுங்கி நின்றபடியே வாசித்தாள், இரண்டாம் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு இன்ஷூரன்ஸ் அட்டையை எடுத்து மேஜைமேல் போட்டாள். அதில் கிரேட் பைன் என்று எழுதியிருக்கவில்லை. நவம்பரிலேயே அவள் மற்ற கம்பெனிக்கு டிக் அடித்துவிட்டாள். அந்தக் கம்பெனிக்கும் செயின்ட் ஆன்ஸ்கருக்கும் ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருடம் ஓடும். 14-ஆம் தேதி அப்படியேதான் இருக்கிறது.

"அவங்க உண்மையைத்தான் எழுதியிருக்காங்க, மனுஷா. நான் அவங்க ஆள் இல்லை."

"ஏன் சொல்லலை?"

"ரெண்டு தடவை சொன்னேன். முதல் தடவை நீ ஃபோன்ல பாட்டு கேட்டுட்டு இருந்தே. ரெண்டாவது தடவை, 'அதுவும் அவங்க தந்திரம்தான்'னு சொன்னே."

டுவேனுக்கும் மற்ற மூன்று குடும்பங்களுக்கும், நவம்பரிலேயே பள்ளிக்கூடச் சாப்பாட்டு வரிசையில் தட்டை நீட்டும்போதே, "வெண்டல் சொன்னதுக்குச் சரின்னு சொல்லிட்டு மாத்திப் போட்டுடுங்க" என்று அவளே சொல்லிவிட்டாளாம். ஆக, அறை வேண்டாம். கிரேட் பைனும் ஆஸ்பத்திரியும் இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், எனக்கு அதில் இனி வேலை இல்லை.

ஆனால் ஒரு பத்தியை மட்டும் அவள் திரும்ப வாசித்தாள். "பதினொரு சென்ட்டா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். திட்டவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியருகே போய் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். குழாயைத் திறக்கவில்லை. செப்டம்பரிலிருந்து பதினெட்டைப் பற்றியும் மூன்றைப் பற்றியும் இவளிடம் நூறு தடவை பேசியிருக்கிறேன், ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. "மார்லிஸ், பயமா இருக்கா?" என்றேன்.

"இருக்கு" என்றாள். கொஞ்சம் கழித்து, "அண்ணன் வந்தா தேவலை" என்றாள்.

இந்தக் கடிதத்தைத் திருத்தி எழுத அவள் விடவில்லை. அண்ணன் இதை இப்படியே வாசிக்கட்டும், அப்புறம் நான் ஃபோன் பண்றேன் என்கிறாள். 14-ஆம் தேதி காலை ஆறு மணிக்கு உள்ளே கூட்டிப் போவார்கள். முந்தின நாளே வந்துவிடுங்கள், மச்சான். என்னோடு பேச வேண்டாம். அவள் பக்கத்தில் உட்காருங்கள்.